கசிந்தால் நல்லது

உங்கள் வீட்டு பிரஷர் குக்கரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் குக்கர், கையில் ரிமோட், வாய் மட்டும் விசில் எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் குக்கருக்குள் இருப்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம். அதற்கே வெயிட் குதிக்கிற குதி நமக்குத் தெரியும்.

இப்போது அந்தக் குக்கரை நீங்களே தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 15 இல்லை, 80 பவுண்டு ஏற்றுகிறீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் ஒரு பலகை போட்டு, உங்கள் பேத்தியை உட்கார வைக்கிறீர்கள். வைப்பீர்களா?

நான் வைக்க இருந்தேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

வங்கியில் 36 வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றேன். கையெழுத்துப் போடுவதைத் தவிர கையால் வேறு வேலை செய்து பழக்கமில்லை. ட்யூப் லைட் மாற்றவே எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிற ரகம். அந்தக் கோடையில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே முழங்கால் உயரத்தில் தண்டவாளம். அதன்மேல் நாய்க்குட்டி சைஸில் ஒரு ரயில் இன்ஜின். பேட்டரி பொம்மை என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் கரி வாசனை! நிஜத் தீ, நிஜத் தண்ணீர், நிஜ நீராவி. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, நம் வீட்டுக் காபிப்பொடி ஸ்பூன் அளவுக் கரண்டியால் கரியை அள்ளி உள்ளே போட்டார். ஒரு கைப்பிடியை இழுத்தார். 'கூ' என்று ஒரு சத்தம். எட்டுக் குழந்தைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு அது கிளம்பிவிட்டது.

"எந்தக் கம்பெனி?" என்று அவரிடம் கேட்டேன். "நான்தான். வீட்டுப் பின்னால் ஷெட்டில் செய்தேன். ஏழு வருஷம் ஆச்சு" என்றார். அவர் வேலை பார்த்தது தபால் ஆபீஸில்!

இந்தப் பைத்தியத்துக்கு அங்கே நூறு வயசுக்கு மேல் ஆகிறது. இதற்கென்றே 1898-ல் லண்டனில் 'மாடல் இன்ஜினியர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கியிருக்கிறார்கள். அதில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் ஒருவர் பல வருஷம் தொடர் எழுதியிருக்கிறார். நண்பர்களுக்கு அவர் கர்லி லாரன்ஸ். அவ்வளவு சின்ன பாய்லரில் கரி எரித்து மனிதரை இழுக்க முடியாது, ஸ்பிரிட் விளக்குதான் சரிப்படும் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1920-களில் தன் 'ஆயிஷா' என்ற குட்டி இன்ஜினில் கரியைப் போட்டு, ஆளை உட்கார வைத்து இழுத்துக் காட்டினார். 1967-ல் அவர் காலமானாலும், அவர் போட்ட வரைபடங்களை வைத்து இன்றும் உலகம் முழுக்க இன்ஜின் கட்டுகிறார்கள்.

முதல்முறை கட்டுகிறவர்களுக்கென்றே அவர் வரைந்த இன்ஜின் ஒன்று உண்டு. பெயர் 'டிச்'. நம்ம ஊரில் 'குட்டையன்' என்கிற மாதிரி ஒரு செல்லப்பெயர். நாலே சக்கரம், சுமார் ஒன்றரை அடி நீளம், மூன்றரை அங்குல அகலத் தண்டவாளம். கட்டினால் ஒரு ஆளை இழுக்கும். அந்த வரைபடத்தை வாங்கி, சூட்கேஸில் வேட்டிகளுக்கு நடுவே வைத்துக் கோயம்புத்தூர் கொண்டுவந்தேன்.

"ரிட்டயர் ஆனா மனுஷங்க கோயில் குளம்னு போவாங்க. நீங்க இன்ஜின் செய்யப் போறீங்களாக்கும்?" என்றாள் மனைவி. பிறகு, "எதுக்கும் எங்கப்பாவைக் கேட்டுக்கங்க" என்றாள்.

அவள் சொன்னதில் காரணம் இருந்தது. என் மாமனார் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவில் இருந்தவர். 1958-ல் சேர்ந்து 1996-ல் ஓய்வு பெற்றார். ஊட்டி மலை ரயிலுக்கு 2011-லிருந்து புத்தம்புது நீராவி இன்ஜின்கள் அதே பொன்மலையில் கட்டப்பட்டபோது, பேப்பரில் வந்த போட்டோவைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தவர். ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வாக்கியம் பேசினால் அதிகம்.

வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாய்லர் வரைக்கும் நீங்களே பண்ணுங்க மாப்ளே. பாய்லர் முடிஞ்சதும் என்னைக் கூப்பிடுங்க. பாத்துட்டுத்தான் நெருப்பு வைக்கணும்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

* * *

கோயம்புத்தூரில் இருப்பதில் ஒரு வசதி. தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. 2020 ஊரடங்கு முழுக்க அரமும் கையுமாக வராந்தாவில் உட்கார்ந்து இரும்புப் பட்டையை ராவிக்கொண்டிருந்தேன். கடைகள் திறந்ததும், ஒரு காலத்தில் என்னிடம் லோன் வாங்கிய பட்டறைக்காரரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க சார், லோன் கேட்டு நாங்க உங்ககிட்ட வருவோம். இப்ப லேத் கேட்டு நீங்க வர்றீங்க!" என்று சிரித்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பழைய லேத் எனக்கு என்று ஆனது.

முதல் தலைவலி அளவு. வரைபடம் முழுக்க அங்குலம். அதிலும் 64-ல் ஒரு பாகம் கணக்கு. கடையில் கிடைக்கிற இரும்போ மில்லிமீட்டர். இரண்டையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுத் தப்பு செய்ததில் முதல் இரண்டு அச்சுகள் பேப்பர் வெயிட் ஆயின. இன்றும் என் மேஜையில் இருக்கின்றன.

இரண்டாவது தலைவலி சக்கரம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது சுவாரஸ்யமான சங்கதி. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது அதை மிதித்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் நகராது. இன்ஜின் பிஸ்டனுக்கும் அதே கதிதான். நேர்க்கோட்டில் மாட்டிக்கொண்டால் நீராவி தள்ளித் தள்ளிப் பார்க்கும், சக்கரம் அசையாது. அதனால் வலது பக்கத்து முழங்கையையும் இடது பக்கத்து முழங்கையையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளிப் பொருத்துகிறார்கள். ஒன்று மாட்டிக்கொள்ளும்போது இன்னொன்று முழு பலத்தோடு தள்ளும். நல்ல தம்பதி மாதிரி!

முன் அச்சிலும் பின் அச்சிலும் அந்த 90 டிகிரி அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். எனக்கு ஒரு டிகிரி பிசகியது. சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நொண்டியது. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, சரியாக மூன்று வாரம்.

சிலிண்டரை உள்ளூரிலேயே கன்மெட்டலில் வார்த்து வாங்கினேன். முதல் வார்ப்பைக் கடைந்துகொண்டே போனால், முடிக்கப்போகிற நேரத்தில் உள்ளே பல் சொத்தை மாதிரி ஒரு காற்றுத் துளை. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று.

2021 செப்டம்பரில் ஒருநாள் சக்கரமும் சிலிண்டரும் மட்டும் தயார். பாய்லர் இல்லை. எலும்புக்கூட்டை ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு தெருமுனை பஞ்சர் கடைக்குப் போனேன். "தம்பி, இதுக்குக் காத்து அடிப்பா" என்றேன். அவன் என்னையும் பார்த்தான், அதையும் பார்த்தான். "ட்யூப் எங்கே சார்?"

குழாயைச் சொருகி லேசாகத் திறந்தோம். 'புஸ்' என்றது. சக்கரத்தை விரலால் தொட்டேன். அவ்வளவுதான்... கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது! சத்தியமாகச் சொல்கிறேன், முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. பஞ்சர் கடைத் தம்பி காத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

இதுவரை நடந்த தப்புகளில் ஒரு நல்ல குணம் இருந்தது, கவனித்தீர்களா? எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. நொண்டியது, சொத்தை விழுந்தது, அளவு மாறியது. பாய்லர் அப்படி இல்லை.

* * *

பாய்லர் என்றால் ஏதோ ஒரு செம்பு உருளை என்று நினைத்திருந்தேன். இல்லை. அது பெட்டிக்குள் பெட்டி. வெளியே ஒரு செம்புக் கூடு. அதற்குள் தீ எரிகிற இன்னொரு செம்புப் பெட்டி. ஆங்கிலத்தில் ஃபயர்பாக்ஸ்; தமிழில் 'தீப்பெட்டி' என்று மொழிபெயர்த்தால் பீடி பற்றவைக்கத்தான் உதவும்! இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். தீயின் சூடு மெல்லிய குழாய்கள் வழியாகத் தண்ணீருக்குள்ளேயே நுழைந்து முன்பக்கம் போகும். மொத்தத் தண்ணீர் ஒரு லிட்டர்கூட இல்லை.

உருண்டையான பகுதி அழுத்தத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். தட்டையான தகடு தாங்காது, பலூன் மாதிரி உப்பப் பார்க்கும். மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம், உங்கள் உள்ளங்கை அளவு தகட்டைக் கணக்குப் போடுங்கள். 9 சதுர அங்குலம். ஒவ்வொன்றின் மேலும் 80 பவுண்டு. மொத்தம் 720 பவுண்டு, அதாவது சுமார் 325 கிலோ! உள்ளங்கை மேல் ஒரு எருமை மாடு நிற்கிற கணக்கு. அதனால்தான் உள் பெட்டியையும் வெளிக் கூட்டையும் சின்னச் சின்னக் கம்பிகளால் கோத்துப் பிடித்துவைக்கிறார்கள். இதற்கு 'ஸ்டே' என்று பெயர். ஒவ்வொரு ஸ்டேயின் இரு முனையிலும் வெள்ளி கலந்த பொடியால் பற்றவைக்க வேண்டும்.

பொடி என்றதும் எங்கள் வீட்டுக்கு நகை செய்கிற பத்தர் நினைவு வந்தார். தங்க வேலையில் இணைப்புக்கு வைப்பதும் பொடிதானே? 'பொடிவைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பேச்சே அவர்கள் ஊதுகுழலிலிருந்து வந்ததுதான் என்பார் பத்தர். வெங்காரத்தைக் குழைத்துத் தடவுவது, செம்பைப் புளித்தண்ணீரில் போட்டுப் பளபளப்பாக்குவது, பொடி உருகி ஓடும் நொடியில் கையை எடுப்பது எல்லாம் அவரிடம்தான் கற்றேன்.

ஆனால் மூக்குத்தி வேறு, பாய்லர் வேறு. செம்பு சூட்டைக் கடன்காரன் மாதிரி வாங்கிக்கொண்டு ஓடும். ஒரு மூலையைக் காய்ச்சினால் மொத்தப் பாய்லரும் சேர்ந்து காய வேண்டும், அப்போதுதான் பொடி உருகும். அதற்கு 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். கல்யாண சமையல்காரர் ஒருவரின் பெரிய கேஸ் பர்னரை வாடகைக்கு எடுத்து, சுற்றிலும் சூளைச் செங்கல் அடுக்கி, 2022 முழுக்க ஒவ்வொரு இணைப்பாகப் பற்றவைத்தேன். புருவம் இரண்டு தடவை பொசுங்கியது.

அந்த வருஷம் டிசம்பர் 24 அன்று மகள் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. ஆறு வயசுப் பேத்திக்குப் போனில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது: "நீ வர்றப்போ தாத்தா ரயில்ல உக்காந்து போலாம்." தம்பியின் தென்னந்தோப்பில் 120 அடிக்குத் தண்டவாளம்கூடப் போட்டுவிட்டேன். வளைவெல்லாம் கிடையாது, நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டியதுதான்.

டிசம்பர் முதல் வாரம், யாருக்கும் சொல்லாமல் நானே பாய்லரைச் சோதித்தேன். இதில் ஒரு முறை இருக்கிறது. புது பாய்லருக்கு ஓடும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு, 160 பவுண்டு ஏற்றிப் பார்க்க வேண்டும். நீராவியால் அல்ல, பச்சைத் தண்ணீரால். தண்ணீரைக் கசக்கிச் சுருக்க முடியாது. அதனால் பாய்லர் விட்டுப்போனாலும் சொட்டுச் சொட்டாக ஒழுகி நின்றுவிடும். நீராவி அப்படியல்ல. 80 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே தண்ணீரின் சூடு 162 டிகிரி. திடீரென்று ஓட்டை விழுந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அப்படியே ஆவியாக மாறும். ஒரு கரண்டித் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு கரண்டிக்கும் மேல் இடம் கேட்கும்!

பம்ப்பை அடித்தேன். 100... 120... 140. முள் 160-ஐத் தொட்டது. நின்றது. அப்புறம் சோம்பேறித்தனமாக இறங்க ஆரம்பித்தது. டார்ச் அடித்து ஃபயர்பாக்ஸுக்குள் பார்த்தேன். உள் சுவரில், மூன்றாவது வரிசை ஸ்டே முனையில், ஒரு கடுகு அளவு ஈரம்.

துடைத்தேன். மறுபடி வந்தது.

முறைப்படி மறுபடியும் பர்னர், செங்கல், மொத்தப் பாய்லரையும் காய்ச்சுவது. அதில் பக்கத்து இணைப்புகள் இளகிவிட்டால் எல்லாம் போச்சு. பேத்தி வர மூன்று வாரம்கூட இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "இம்புட்டூண்டு கசிவுக்கா சார் இம்புட்டு யோசனை? சால்டரிங் ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்தா நின்னுரும்" என்றார்.

இழுத்தேன். நின்றுவிட்டது. மறுபடி 160 பவுண்டு. அரை மணி நேரம் முள் கல் மாதிரி நின்றது.

என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? நம் நாட்டுப் பாய்லர் சட்டம் 25 லிட்டருக்கு மேல் கொள்ளும் பாய்லர்களைத்தான் கவனிக்கிறது. இங்கிலாந்தில் என்றால் அந்தந்த கிளப்பின் பாய்லர் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்றிதழ் தராமல் பொதுமக்கள் முன்னால் ஓட்டவே விட மாட்டார்கள். இங்கே எனக்கு நானே இன்ஸ்பெக்டர். மாமனாருக்குப் போன் போட்டேன். "பாய்லர் ரெடி மாமா."

* * *

84 வயசில் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு சின்னச் சுத்தியல், டார்ச், பேனாக்கத்தி.

பம்ப்பை அடித்தேன். 160. முள் அசையவில்லை. பத்து நிமிஷம், இருபது, முப்பது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அவர் டார்ச்சை எடுத்து ஃபயர்பாக்ஸுக்குள் அடித்தார். ஒவ்வொரு ஸ்டேயாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் மூன்றாவது வரிசையில் நின்றார். பேனாக்கத்தியை நீட்டி மெதுவாகச் சுரண்டினார். வெள்ளிப்பொடி மஞ்சள் சாயலோடு கெட்டியாக இருக்கும். கத்தி முனையில் வந்ததோ சாம்பல் நிறச் சீவல், வெண்ணெய் மாதிரி.

"இது என்ன மாப்ளே?"

"ஈயம் மாமா... லேசா ஒரு கசிவு... அதான்..."

அவர் கத்தமாட்டார் என்று எனக்குத் தெரியும். கத்தியிருந்தால்கூடத் தேவலை. திண்ணையில் உட்கார்ந்து கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டே, அந்த வருஷத்துக்கான மொத்தப் பேச்சையும் பேசினார்.

"பாய்லர்ல ஈயத்துக்கு ஒரே வேலைதான் மாப்ளே. உருகறது. ஃபயர்பாக்ஸ் கூரையில ஒரு பிளக் வெச்சு அதுல ஈயம் ஊத்தியிருப்பாங்க. தண்ணி குறைஞ்சு கூரை காய்ஞ்சா, மொதல்ல அது உருகி ஆவி நெருப்பு மேல பாயும். டிரைவருக்குத் தெரிஞ்சிடும். உருகட்டும்னுதான் அதை அங்க வெக்கறோம். நீங்க, புடிச்சு நிக்கட்டும்னு வெச்சிருக்கீங்க."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சால்டரிங் ஈயம் உருகுவது 183 டிகிரி வாக்கில். தண்ணீர் 162. மறுபக்கம் நேரடியாகத் தீ. பச்சைத் தண்ணீர்ச் சோதனையில் அது ஆயிரம் தடவை ஜெயிக்கும். நெருப்பு வைத்தால் எந்த நிமிஷம் இளகும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் தொடர்ந்தார்: "பெரிய இன்ஜின்ல ஸ்டே போல்ட்டுக்கு நடுவுல ஊசி கனத்துக்கு ஒரு துளை போட்டிருப்பாங்க. எதுக்கு? உள்ளார அது முறிஞ்சா வெளியில தெரியாது. அந்தத் துளை வழியா தண்ணி சொட்டும். சொட்டுனா, 'நான் ஒடைஞ்சிட்டேன், வந்து பாரு'ன்னு அர்த்தம். கசிவு வெளிய தெரியட்டும்னு நாங்க ஓட்டை போடுவோம். நீங்க தெரியக் கூடாதுன்னு ஓட்டையை அடைச்சிருக்கீங்க."

கொஞ்சம் நிறுத்தி, "பின்னாடி யாரு உக்காரப் போறதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். ஈயம் பூசுவது எனக்குப் புதுசில்லை. 36 வருஷம் வங்கியில் இருந்தவன் நான். மார்ச் 31 நெருங்கும்போது, திரும்பி வராது என்று தெரிந்த கடனுக்கு இன்னொரு புதுக் கடனைக் கொடுத்துப் பழையதைக் கட்டியதாகக் காட்டுகிற வித்தையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டில் என் கையெழுத்தும் இருந்தது. ஏப்ரல் முதல் தேதி வரைக்கும் முள் அசையாமல் நிற்கும். அப்புறம் சூடு ஏறும்போது இன்னொருத்தர் நாற்காலியில் அது வெடிக்கும். அந்த நாளில் யாரும் பேனாக்கத்தி வைத்துச் சுரண்டவில்லை. சுரண்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி மாமா, ஈயத்தை எடுத்துட்டு வெள்ளியே வெச்சுடறேன்" என்றேன். தலையாட்டினார். ஈயம் பட்ட இடத்தில் வெள்ளி இணைப்பு கெட்டியாகப் பிடிக்காது; துளி ஈயம் மிச்சமிருந்தாலும் இணைப்பு நொறுங்கும். நான் மறைக்கப் போய், சரிசெய்யக்கூடிய ஒரு கசிவைச் சரிசெய்ய முடியாததாக ஆக்கிவிட்டிருந்தேன். ஒரு வருஷ உழைப்பைப் பழைய செம்பு விலைக்குப் போட்டேன்.

டிசம்பர் 24 வந்தது. பேத்தி ஓடிவந்து, "ரயில் எங்கே தாத்தா?" என்றாள். "தாத்தா தப்பாச் செஞ்சிட்டேன் கண்ணு. மறுபடி செய்யறேன்" என்றேன். ஒரு நிமிஷம் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தோப்பில் இளநீர் குடிக்கப் போய்விட்டாள். நான் மூன்று வாரம் பயந்த விஷயம் அவ்வளவுதான்!

* * *

இரண்டாவது பாய்லரை 2023 அக்டோபரில் முடித்தேன். இந்தத் தடவை மாமனார் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தார். கேட்டால் மட்டும் வாயைத் திறப்பார். 160 பவுண்டு, முப்பது நிமிஷம். டார்ச், கத்தி, சுத்தியலால் டிங் டிங் என்று ஒரு தட்டு. அப்புறம் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலில் எழுதினார்: '160 பவுண்டு. 30 நிமிடம். கசிவு இல்லை.' கீழே கையெழுத்து. அந்தத் தாளை நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

அந்த டிசம்பரில் மகள் குடும்பம் மறுபடி வந்தது. தென்னந்தோப்பில் காலை ஏழு மணி. கரிக்கு இஸ்திரிக்காரரிடம் வாங்கிய அடுப்புக்கரி. முதல் கைப்பிடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, புகைபோக்கி மேல் ஒரு சின்ன மின்விசிறியை மாட்டிக் காற்றை இழுக்கவிட்டு, நெருப்பு வைத்தோம். இருபது நிமிஷத்தில் முள் அசைந்தது. 20... 40... 80. சேஃப்டி வால்வு 'உஸ்ஸ்' என்று சீறியது.

"நீங்க உக்காருங்க மாப்ளே. கட்டினவன்தான் மொதல்ல உக்காரணும்" என்றார் மாமனார்.

பலகையில் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தேன். குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராகி, புகைபோக்கி வழியாகக் கரிக்குழம்பாக என் வெள்ளைச் சட்டையில் அபிஷேகம்! அப்புறம், 'குப்'... 'குப்'... 'குப்'... நகர்ந்தது. 62 கிலோ ஆளை, என்னை, நான் செய்த ஒரு சாமான் இழுத்துக்கொண்டு போனது.

முப்பது அடி. முள் 60-க்கு இறங்கியது. 40. நின்றுபோனது.

இப்போது மறைக்கத் தோன்றவில்லை. "எங்கியோ கசியுது மாமா" என்று நானே சொன்னேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

நீராவி இன்ஜினில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. சிலிண்டரில் வேலை செய்து முடித்த ஆவி, புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு மூக்கு வழியாக வேகமாக மேலே பாயும். அது பாயும்போது முன்பக்கத்துப் புகைப்பெட்டியில் வெற்றிடம் மாதிரி ஆகி, பின்னாலிருந்து தீ வழியாகக் காற்றை இழுக்கும். தீ கனலும். அந்த 'குப் குப்' சத்தமே அதுதான். அதாவது இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறதோ அவ்வளவு ஆவி பாயும். அவ்வளவுக்குத் தீயும் வளரும். வேலை செய்யச் செய்யத் தெம்பு! ஆனால் புகைப்பெட்டியில் எங்கேயாவது ஓட்டை இருந்தால், இழுக்கிற காற்று தீ வழியாக வராமல் குறுக்கு வழியில் வந்துவிடும். தீ சோர்ந்துபோகும்.

மாமனார் தோப்பு வீட்டுக்குள் போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். விசிறியை மறுபடி ஓடவிட்டு, புகைப்பெட்டியின் விளிம்பை ஒட்டி ஊதுபத்தியை மெல்ல நகர்த்தினார். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. குழாய் நுழைகிற ஓர் இடத்தில் வந்ததும் சட்டென்று வளைந்து உள்ளே புகுந்தது. அங்கேதான்! பைக் சைலன்சருக்குத் தடவுகிற பேஸ்டை வாங்கிவந்து அடைத்து, காயவைத்து, மதியம் மறுபடி பற்றவைத்தோம். 120 அடி போய், 120 அடி திரும்பி வந்தேன். முள் 70-க்குக் கீழே இறங்கவில்லை.

அப்புறம் மாமனார் ஏறினார். கடைசியாகப் பேத்தி. அன்று சாயங்காலம் வரை அவளை இறக்க முடியவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை நெருப்பு வைப்பதற்கு முன்னால் தண்ணீர்ச் சோதனை செய்வதை வழக்கமாக வைத்திருக்கிறோம். 2024 டிசம்பரில் மாமனாருக்குக் கை நடுங்கியது. பம்ப்பை எட்டு வயசுப் பேத்தி அடித்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"பெரிய தாத்தா, கசிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கசிஞ்சா நல்லது கண்ணு. எங்கேன்னு தெரிஞ்சுடும்ல?"